உமையின் கவனக்குறைவு

மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலில் ஆண்டுதோறும் சித்ரா பௌர்ணமித் திருவிழாவின்போது வலைவீசு படலம் நடத்திக் காட்டப்படுகிறது. சிவன் பரதவ இளைஞனாக வந்து கடலில் வலை வீசிச் சுறாவைப் பிடித்து, பரதவர் தலைவனின் மகளை மணந்துகொள்ளும் கதை. திருவிளையாடற் புராணத்தின் அறுபத்து நான்கு விளையாடல்களில் இது ஐம்பத்தேழாவது. கல்லூரியில் பல ஆண்டுகள் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். இறைவனின் எளிமைக்கும் உழைப்பின் பெருமைக்கும் எடுத்துக்காட்டு என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். மாணவிகளும் தேர்வில் அப்படியே எழுதினார்கள், நானும் மதிப்பெண் போட்டேன்.

அந்த வாசிப்பு தவறு என்று நான் உணர்ந்தது நூலகத்தில் அல்ல, மாரியூர்ப் பக்கம் நடந்த ஒரு மகளிர் குழுப் பயிற்சி வகுப்பில். அதற்குள் போகுமுன் கதையை அதன் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். கோயில் விழாவிலும் 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்திலும் நம் நினைவில் நிற்பவை சுறாவும் வலையும்தான். பரஞ்சோதி முனிவர் கதையைக் கடலில் தொடங்கவில்லை. ஒரு பாடவேளையில் தொடங்குகிறார்.

சிவன் உமைக்கு வேதத்தின் பொருளைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உமை ஈடுபாடு இல்லாமல் கேட்கிறாள். அது குற்றமாகிறது. வேதமறியாத பரதவர் குலத்தில் பிறக்கும்படி அவளைச் சபிக்கிறார். இதைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் இருவரும் கோபத்தோடு உள்ளே நுழைந்து வேத நூல்களைப் பிடுங்கிக் கடலில் எறிகிறார்கள். பிள்ளைகளைத் தடுக்கத் தவறிய நந்தி சுறாவாகும்படி சாபம் பெறுகிறார். முருகனுக்கு ஊமைப் பிள்ளையாகப் பிறக்கும் சாபம். உமை குழந்தையாகப் புன்னை மரத்தடியில் கிடக்க, பிள்ளையில்லாத பரதவர் தலைவன் எடுத்து வளர்க்கிறான். அவள் வளர்ந்த பிறகு நந்தியாகிய சுறா வலைகளைக் கிழித்து, படகுகளைக் கவிழ்த்துக் கடலைக் கலக்குகிறது. அதைப் பிடிப்பவருக்கே மகள் என்கிறான் தகப்பன். சிவன் வருகிறார், வலையை வீசுகிறார், பிடிக்கிறார். திருமணம் முடிந்ததும் உமையை உத்தரகோசமங்கைக்கு அழைத்துச் சென்று, பாதியில் நின்றுபோன வேதப்பொருளை மறுபடி சொல்கிறார்.

கதை ஒரு சொற்பொழிவில் தொடங்கி அதே சொற்பொழிவில் முடிகிறது. நடுவில் இருப்பதெல்லாம், அதைச் சரியாகக் கேட்காத பெண்ணுக்கான தண்டனைக்காலம். அந்தத் தண்டனைக்குப் பெயர் மீனவப் பெண்ணாக வாழ்வது. ஒரு மக்கள் கூட்டத்தின் அன்றாட வாழ்க்கையே இங்கே சாபமாக வைக்கப்பட்டிருக்கிறது. உழைப்பின் பெருமை என்று வகுப்பில் நான் சொன்னது எவ்வளவு கண்மூடித்தனமானது!

கரையில் இருப்பவர்கள் கதையை அப்படிக் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அம்மன் நம் வீட்டில் வளர்ந்த பெண், சாமி நமக்கு மாப்பிள்ளை என்கிற உறவு அவர்களுக்குப் பெருமை. சாபமாக எழுதப்பட்டதைச் சீராக மாற்றிக்கொண்ட அவர்களுடைய வாசிப்பு, என் வகுப்பறை வாசிப்பைவிடத் துணிச்சலானது. ஆனால் அந்தப் பெருமையும் மாப்பிள்ளை வந்த நாளைப் பற்றியதே. அவர் வருவதற்கு முன்னால் கிழிந்த வலைகளை உட்கார்ந்து தைத்தவர்கள் யார் என்று கதையும் கேட்கவில்லை, விழாவும் கேட்கவில்லை.

இனி அந்தப் பயிற்சி வகுப்பு. மகளிர் குழுக்களுக்குத் தலைமைப் பண்பு பற்றி வகுப்பெடுக்கும் ஓர் அமைப்பு, தன் ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்கித் தரும்படி என்னைக் கேட்டது. செய்து கொடுத்தேன். அதன் மையமான வாக்கியத்தை நான் இப்படி எழுதியிருந்தேன்: 'தலைவர் தம் தொலைநோக்கைத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும், குழுவினர் அதை உள்வாங்கிச் செயலாக மாற்ற வேண்டும்.' நல்ல தமிழ் என்று பாராட்டினார்கள். வகுப்பு எப்படிப் போகிறது என்று பார்க்க என்னையும் அழைத்துப் போனார்கள்.

பாசி எடுக்கப் போகிறவர்கள், கருவாடு போடுகிறவர்கள், உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்கள் என இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்திருந்தார்கள். பயிற்றுநரும் பெண்தான், நல்லவர். சார்ட் பேப்பரில் தொலைநோக்கு, இலக்கு, செயல் என்று மூன்று கட்டங்கள் போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் திரும்பித் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்க கவனிங்க. கவனிச்சாத்தானே நாம மேல வர முடியும்?"

"கவனிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கேன். தண்ணி வத்துற நாளு இது. இதை விட்டா அடுத்த வத்தலுக்குக் காத்துக் கெடக்கணும். இந்தக் கூட்டத்த யாரு இன்னைக்கு வச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்றுநரும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உமையின் மனம் அந்தப் பாடவேளையில் எங்கே போயிருந்தது என்று பரஞ்சோதியார் விசாரிக்காததும், அதை இத்தனை ஆண்டுகளில் நானும் விசாரிக்காததும் அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாவிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. அவர் கவனம் முழுக்கக் கடலின் மேல் இருந்தது. அவர் கேட்ட கேள்விதான் அன்று அந்த அறையில் எழுந்த ஒரே விமர்சனம்: இந்தத் தேதியைக் குறித்தது யார்?

தொலைநோக்கைச் செயலாக்குவது பற்றிய பேச்செல்லாம் கண்ணும் கையும் வெவ்வேறு ஆட்களுடையவை என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. ஒருவர் பார்க்கிறார், மற்றவர்கள் செய்கிறார்கள். பார்ப்பவர் மேலே, செய்பவர் கீழே. காரியம் கெட்டுப்போனால் செய்தவர்கள் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். இந்த அமைப்பை நாம் நிர்வாகவியல் நூல்களிலிருந்து கற்றுக்கொண்டதாக நினைக்கிறோம். வலைவீசு படலம் அதற்கு முன்பே அச்சாக வார்த்து வைத்திருக்கிறது. சொல்பவர், கேட்கத் தவறியவள், கீழே அனுப்பப்படுதல், கடைசியில் சொன்னவரே வந்து ஒரே வீச்சில் முடித்துக் காட்டுதல், பிறகு மறுபடி சொல்லுதல். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கி வளர்ந்த சுய உதவிக் குழுக்கள் பெண்களின் கையில் பணத்தையும் கையெழுத்தையும் கொடுத்தன. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊக்குநர், பிரதிநிதி, பயனாளி என்று அவை கொடுத்த பெயர்களில், திட்டத்தை எழுதுபவள் என்று பொருள்படும் பெயர் ஒன்றுகூட இல்லை.

இப்படித்தான் இருக்க முடியுமா? வேறு மாதிரி நடந்த இடத்தைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மாரியூர் இருக்கும் இதே மன்னார் வளைகுடாவில், பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத கடலில் முங்கிப் பாசி எடுப்பது இந்தக் கரையோரப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பெயரிட்டுப் பிரித்தெடுப்பவை ஆலைகளுக்குப் போய் அகராகவும் ஆல்ஜினேட்டாகவும் ஆகின்றன. ஐஸ்கிரீம் இறுகுவதும், ஆய்வுக்கூடத் தட்டில் கிருமி வளர்வதும் இவர்கள் கைபட்ட பொருளால்தான். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்கு முங்கு கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி. கையுறை போட்டால் பாசி பிடிபடாது, வெறுங்கை என்றால் ரத்தம் வரும். துணிச்சுற்று இரண்டுக்கும் நடுவில் அவர்கள் கண்டுபிடித்த வழி.

1986இல் இந்தத் தீவுகளும் சுற்றிய கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பவளப்பாறையும் கடற்பசுவும் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தொலைநோக்கு எழுதப்பட்டபோது, அந்தக் கடலுக்குள் தலையை விட்டுப் பார்த்திருந்த பெண்கள் கணக்கில் இல்லை. ஒரே இரவில் அவர்கள் தொழில் அத்துமீறல் ஆயிற்று. பிடிபட்டால் பாசியும் போயிற்று, படகுக்குக் கொடுத்த பங்கும் போயிற்று.

அந்த நெருக்கடியில்தான் அவர்கள் தமக்கான விதிகளை வகுத்தார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டும் பாசி எடுப்பது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் இரண்டு பருவங்களில் ஆறாறு நாட்கள். இரும்புச் சுரண்டிகளை விட்டுவிட்டுக் கையால் மட்டும் பறிப்பது. பாசி மறுபடி முளைக்க அடியை விட்டுவைப்பது. விசைப்படகுத் தடைக்காலத்தையொட்டி 45 நாட்கள் தாங்களும் தொழிலை நிறுத்திக்கொள்வது. தொண்டு நிறுவனங்களும் ஆய்வாளர்களும் உடன் நின்றார்கள். ஆனால் பன்னிரண்டு என்கிற எண் எந்த அலுவலகத்திலும் பிறக்கக்கூடிய எண்ணல்ல. நீர் எந்த நாளில் எவ்வளவு வற்றும், பறித்த இடத்தில் எப்போது மறுபடி பாசி தழைக்கும் என்று உடம்பால் தெரிந்தவர்களின் எண். பாதுகாப்பு என்ற பெரிய சொல், முங்குகிறவள் நாளைக் காலை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதாக மாறியது இப்படித்தான். அதை யாரும் அவர்களுக்கு விளக்கி உள்வாங்கச் செய்யவில்லை.

இவர்களுக்குத் தலைமை இல்லை என்றும் சொல்ல முடியாது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, பாசி எடுக்கும் பெண்களின் கூட்டமைப்புக்குத் தலைவியாக இருந்தவர். தீவுச் சூழல்களைக் காப்பவர்களுக்காக அமெரிக்காவில் வழங்கப்படும் சீகாலஜி விருதை 2015இல் பெற்றார். அவருடைய தலைமையில் என்னைக் கவர்வது, அவரும் முங்கிப் பாசி எடுப்பவர் என்பதுதான். தொழிலை 45 நாட்கள் நிறுத்துவோம் என்று அவர் சொல்லும்போது அந்த 45 நாட்கள் அவர் வீட்டு அடுப்புக்கும் சேர்த்துத்தான். அங்கே தலைவியின் பார்வை தனியாக இருந்து பிறகு குழுவின் கைக்கு இறங்கவில்லை. கைகளுக்குத் தெரிந்ததை அவர் சபைக்குக் கொண்டு போனார்.

இதே கரையில் எதிர்த்திசையிலிருந்து வந்த ஒரு திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2000க்குப் பிறகு, மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் கப்பாஃபைகஸ் என்னும் வெளிநாட்டுப் பாசி வளர்க்கும் தொழில் பெப்சி நிறுவனத்தின் முயற்சியால் பரவியது. ஊர் வாயில் அது 'பெப்சி பாசி' ஆயிற்று. கயிற்றில் விதைப்பாசி கட்டிய கைகள் மகளிர் குழுக்களுடையவை. நாற்பத்தைந்து நாளில் அறுவடை. நல்ல வருமானம் வந்தது, பல வீடுகள் நிமிர்ந்தன, அதை மறுக்க முடியாது. 2005இல் தமிழக அரசு தீவுகள் இருக்கும் வளைகுடாப் பகுதியில் இதை வளர்க்கத் தடை விதித்தது. ஆனாலும் 2008இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 2013க்குப் பின் கடல்நீர் சூடாகிப் பயிர் பெருமளவில் செத்தது. வருமானம் வந்தபோது அது தொலைநோக்கின் வெற்றியாகப் பேசப்பட்டது. பயிர் செத்தபோது நட்டம் மிதவைக்காரிகளுடையதாயிற்று. எந்தப் பாசியை, எங்கே, எந்த மாதத்தில் என்பதைக் குறித்தவர்களின் பட்டியலில் அவர்கள் இல்லை. நட்டக் கணக்கில் மட்டும் இருந்தார்கள்.

இப்போது அடுத்த திட்டம் வந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய நிதிநிலை அறிக்கை, தமிழ்நாட்டில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அமையும் என்று அறிவித்தது. 2023இல் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு 127 கோடி ரூபாய்க்கு மேல். வேலை வாய்ப்பு, ஏற்றுமதி, பெண்கள் முன்னேற்றம் என்று எல்லாம் பேசப்படுகின்றன. நான் அதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கேட்பது ஒன்றுதான். பன்னிரண்டு நாள் கணக்கை வைத்திருக்கும் பெண்கள் அந்தப் பூங்காவில் எங்கே உட்காரப் போகிறார்கள்? விதை தேர்ந்தெடுக்கும் மேசையிலா, கூலி வாங்கும் வரிசையிலா? இந்த மாதம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அது முடிவாகப் பதியப்படுமா, ஒத்துழையாமையாகப் பதியப்படுமா?

பெயர் மட்டும் கொடுத்து இடம் கொடுக்காத வழக்கத்துக்கு மாரியூரே இன்னொரு சாட்சி. 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் மாரியூர், வாலிநோக்கம் பகுதியில்தான் பரந்து கிடக்கின்றன. அந்த நிறுவனத்தின் உப்பு 2022 முதல் 'நெய்தல்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. தமிழ் படித்தவள் என்ற முறையில் முதலில் மகிழ்ந்தேன். ஐந்திணையில் ஒன்று மளிகைக் கடைக்கு வந்துவிட்டதே! பிறகு யோசித்தேன். நெய்தல் திணையின் பெண் நம் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் காத்திருப்பவள், இரங்குபவள். அவள் உப்புக்கு நெல் மாற்றித் தெருவில் விலை கூறிப் போனதும், மீன் உணக்கிப் பறவை ஓட்டியதும் பாடல்களில் இருந்தாலும், தேர்வு வினா எப்போதும் இரங்கலைப் பற்றியதே. உப்பளத்துப் பெண்ணின் கால் வெடிப்பும் கண் கூச்சமும் உரிப்பொருளாக எங்கும் வைக்கப்படவில்லை. மழைக்காலத்தில் அக்டோபர் முதல் டிசம்பர்வரை அவளுக்கு வேலை இல்லை என்பதே 5000 ரூபாய் நிவாரணம் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. சொற்களைக் காப்பாற்றித் தருவதாக நினைக்கும் என் போன்ற தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. 'தொலைநோக்கு' என்ற அழகான சொல்லைக் கையேட்டில் பொருத்தியவள் நான்தானே.

வலைவீசு படலத்திலேயே இதற்கு ஒரு மறுமொழி இருக்கிறது. சாபத்தால் ஊமையாகப் பிறந்த முருகன்தான் உருத்திரசன்மன் என்கிறது மரபு. இறையனார் களவியலுக்குப் புலவர்கள் பலர் உரை கண்டபோது, எது மெய்யுரை என்று தீர்ப்புச் சொன்னவன் அந்த ஊமைப் பிள்ளை. அவன் பேசவில்லை. ஒவ்வோர் உரையையும் கேட்டுக்கொண்டிருந்தான். சரியான உரையைக் கேட்டபோது கண்ணீர் வந்தது, மெய் சிலிர்த்தது. மற்ற உரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த உடம்பு அசையவில்லை. அந்த அசையாமையைப் புலவர்கள் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டார்கள். நம் திறனாய்வு மரபு தன் முதல் நடுவராகக் கொண்டாடுவது, கேட்பவனின் உடம்பைத்தான்.

மகனின் அசையாமை தீர்ப்பு. தாயின் அசையாமை குற்றம். ஒரே குடும்பத்துக்குள் நடந்த இந்த ஓரவஞ்சனையை நான் எந்த வகுப்பிலும் சுட்டிக்காட்டியதில்லை. உமை ஈடுபாடில்லாமல் கேட்டாள் என்றால், சொல்லப்பட்ட பொருள் அவளைத் தொடவில்லை என்று ஏன் வாசிக்கக் கூடாது? அங்கே திருத்தப்பட வேண்டியது கேட்பவளா, உரையா?

ஒரு தலைமையின் எண்ணம் பலருடைய கைவேலையாக மாற வேண்டுமென்றால், அந்தக் கைகளுக்கு உரியவர்கள் நடுவில் மறித்துக் கேட்கவும், நாளை மாற்றவும், வேண்டாம் என்று நிறுத்தவும் உரிமை இருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாத இடத்தில் கவனம் சிதறுவது ஒன்றே மிச்சமிருக்கும் விமர்சனம். அதையும் குற்றம் என்றால், கிடைப்பது கீழ்ப்படிதல்தான். அதைக் குழுச் செயல் என்று அழைக்கக் கூடாது.

அன்றைய வகுப்பின் முடிவில் சார்ட் பேப்பர்களைச் சுவரில் ஒட்டினார்கள். அந்த அம்மாவின் குழு தொலைநோக்கு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தது. செயல் என்ற கட்டத்தில் இடம் போதாமல் ஓரம்வரை எழுதியிருந்தார்கள்: படகுக்குச் சேர வேண்டிய பங்கு, பாசி காயவைக்க ஓலைக் கொட்டகை, எடை போடும்போது குழுவிலிருந்து ஒருவர் கூட நிற்பது, முங்கு கண்ணாடிக்குச் சீட்டுப் பணம், தொழிலை நிறுத்தும் நாட்களில் ரேஷன். 'முழுமையாக இல்லை' என்று பயிற்றுநர் மெதுவாகச் சொன்னார். அந்தச் சொல்லும் கையேட்டில் நான் எழுதிக் கொடுத்ததுதான்.

கையேட்டின் அடுத்த பதிப்புக்குத் திருத்தம் கேட்டபோது, மூன்று கட்டங்களின் வரிசையை மாற்றச் சொல்லி எழுதினேன். செயல் முதலில் வரட்டும், நாள் குறிப்பது குழுவாக இருக்கட்டும் என்று. பதில் இன்னும் வரவில்லை. வகுப்பில் மட்டும் என்னால் மாற்ற முடிந்தது. இந்த ஆண்டு வலைவீசு படலம் நடத்தும்போது சிவனின் எளிமையை விட்டுவிட்டு, "உமை அந்த நேரத்தில் எதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, எழுந்து நிற்காமலே சொன்னாள்: "அவங்களுக்கும் சொல்ல ஏதாவது இருந்திருக்கும் மேடம்."